இரண்டு குட்டை, ஒரு நீளம்

லாரிக்காரர்கள் அவனுக்கு வைத்த பெயர் ஆமை. வேகம் அவனுக்கு ஆகாது. மற்றவர்கள் சரக்கை இறக்கிவிட்டு ஒரு தூக்கம் போட்டு எழுந்த பிறகுதான் ஆமை வந்து சேரும் என்று கேலி பேசுவார்கள். சிரித்துக்கொள்வான். அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவனை வளர்த்து ஆளாக்கியவள் அக்கா. அவளிடம் முழு உடம்போடு திரும்ப வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு கணக்கு இல்லை.

அக்கா வீடு சாலையோரத்துச் சந்தில் முதல் வீடு. சந்துக்குள் லாரி நுழையாது. அதனால் வளைவு வரும்போதே குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று என்று ஹாரன் அடிப்பான். எதிர்ப்பக்கம் மரக்கடைக்கு முன்னாலிருந்த காலி இடத்தில் அவன் வண்டியை ஓரங்கட்டுவதற்குள், அக்கா சாப்பாட்டுத் தூக்கோடு சாலையைக் கடந்து வந்துவிடுவாள். இடது காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பாள். ஆனால் அந்த ஹாரன் கேட்டுவிட்டால் இடம் வலம் பார்க்கமாட்டாள்.

மழைக்காலம் முழுக்க வேறு தடத்தில் ஓடிவிட்டு இப்போதுதான் திரும்பினான். ரோடு பெரிசாகிவிட்டது என்று அக்கா போனில் சொல்லியிருந்தாள். இரண்டு பக்கமும் கொஞ்சம் அகட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

டீக்கடை இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் நின்றது. ரயில்வே கேட்டில் எப்போது திறக்கும் என்று காத்திருந்ததெல்லாம் போய், ஒரு பாலம் அவனைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டது. முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. போகப் போகத்தான் ஒன்று உறைத்தது: இந்தச் சாலையில் போகலாம், நிற்க முடியாது. கார்கள் முதுகில் ஏறுவதுபோல் வந்தன. ஆமையும் ஓட வேண்டியதாயிற்று. நாடே எங்கோ அவசரமாகக் கிளம்பிவிட்டது, எங்கே என்று தன்னிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை என்று தோன்றியது.

வளைவு வந்தது. கை தானாகப் போய் ஹாரனை அழுத்தியது. குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று.

அழுத்திய பிறகுதான் பார்த்தான். மரக்கடை இல்லை, காலி இடம் இல்லை. இடப்பக்கம் ஆளுயரச் சுவர். வலப்பக்கம் இரும்புத் தடுப்பு, அதற்கப்பால் எதிரே பாய்ந்து வரும் நாலு வரிசை வண்டிகள். சந்துமுனை கடந்து போய்விட்டது. அக்கா கிளம்பியிருப்பாள்.

பிரேக்கைத் தொட்டதுமே பின்னால் பஸ் அலறியது. இறங்கும் வழி வெகுதூரம் தள்ளித்தான் வந்தது. அங்கே ஒரு பாலத்தடியில் வண்டியைப் போட்டுவிட்டு அக்காவுக்குப் போன் செய்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

சுவரோரமாகத் திரும்பி ஓடினான். ஒரு செருப்பு கழன்றது தெரியவில்லை. தூரத்தில் சிலர் சாலையில் குனிந்து நிற்பதைக் கண்டதும் அக்கா என்று கத்திக்கொண்டே ஓடினான். கிட்டே போனால், டயர் மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா நடுத் தடுப்பில் நின்றிருந்தாள். ஒரு கை இரும்பைப் பிடித்திருந்தது, மறு கையில் தூக்கு. எப்படிக் கடந்து அவளிடம் போனான் என்று பிறகு அவனால் சொல்ல முடிந்ததில்லை.

"அறிவிருக்கா அக்கா உனக்கு?"

"ஹாரன் அடிச்சிட்டு நிக்காமப் போறியேடா. பிரேக் போயிடுச்சோன்னு எனக்கு உசிரே இல்ல." தூக்கை நீட்டினாள். "சரி, சாப்பிடு."

"இங்கயா?"

"பின்ன, மேசை போடட்டுமா?"

சிரிக்க முடியவில்லை. சாலையிலேயே வாழ்ந்தவனுக்கு அதை நடந்து கடக்கத் தெரியவில்லை. இரண்டு முறை காலை வைத்து இழுத்துக்கொண்டான். கடைசியில் அக்காவை முதுகில் ஏற்றிக்கொண்டு இறங்கினான். ஒரு வண்டியும் வேகத்தைக் குறைக்கவில்லை. "ஓடுடா ஆமை" என்றாள் காதோரம். தூக்கு அவன் மார்பில் மோதி மோதி ஆடியது.

வாசலில் அவளை இறக்கிவிட்டு, இனிமேல் ஹாரன் அடிக்கமாட்டேன், வீட்டைவிட்டு வராதே என்றான்.

"அடிக்காமப் போனா, போறது நீதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

தூக்கை வாங்கிக்கொண்டு லாரிக்குத் திரும்பினான்.

இப்போதெல்லாம் அந்த வளைவில் கை ஹாரனுக்குப் போய்விடாதபடி ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறான். ஆனாலும் கண்ணாடியில் பின்னால் வரும் லாரிகளைப் பார்த்துக்கொண்டே போகிறான். அவற்றில் யாராவது, ஒன்றும் தெரியாமல், குட்டையாக இரண்டும் நீளமாக ஒன்றும் அடித்துவிடக் கூடாதே.