வெற்றிலைத் தட்டு நகர்ந்த பக்கம்

வண்டி மையின் வாடை வந்தால் எனக்குக் கால் நகராது. வைக்கோலைக் கரியாக்கி, விளக்கெண்ணெயில் குழைத்து, அச்சில் தடவுகிற மை. கையில் பட்டால் கழுவக் கழுவப் போகாத வாடை. நேற்று சந்தைக்குப் போன வழியில் அது மூக்கில் ஏறியதும் கூடையோடு அப்படியே நின்றுவிட்டேன். கூடலூர் வீட்டு வாசல், புங்கமர நிழல், அய்யா விரித்த ஜமுக்காளம், வேலை கேட்டு வந்த மூன்று பேர் எல்லாம் அந்த வாடையிலேயே இருந்தார்கள்.

மலைமேல் பெரியாற்றை மறித்து அணை கட்டிக்கொண்டிருந்த காலம். அடிவாரத்திலிருந்து அரிசியும் சுண்ணாம்பும் ஏற்ற வண்டி போதவில்லை. அய்யா கிணற்றடி வயலை விற்று, ஒரு வண்டியும் ஒரு ஜோடி மாடும் வாங்கிவிட்டார். திங்கட்கிழமை வண்டி மலை ஏறாவிட்டால் வண்டி நடையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக அணை வேலை மேஸ்திரி சொல்லியிருந்தார். அய்யா தானே ஓட்டியிருப்பார், அம்மா விடவில்லை. மேலே போனவர்கள் காய்ச்சலோடு இறங்கினார்கள். சிலர் இறங்கவே இல்லை. ஆள் வைத்து வண்டி விட்ட கீழத்தெருக்காரர் ஒருவரின் வாசலில், அதற்கு முந்தின மாதம்தான், மேலே போய்த் திரும்பாத வண்டிக்காரனின் பெண்டாட்டி இடுப்பில் பிள்ளையோடு வந்து மண்ணை வாரித் தூற்றினாள். அய்யாவும் கூட்டத்தோடு நின்று பார்த்தார்.

அய்யா அதுவரை யாரையும் சம்பளத்துக்கு வைத்ததில்லை. அறுப்பென்றால் மாமனும் மச்சானும் வருவார்கள், அவர்கள் அறுப்புக்கு நாங்கள் போவோம். ஓர் ஆளை உட்காரவைத்துக் கேள்வி கேட்டு முடிவு செய்வதென்றால் அவருக்குத் தெரிந்தது மாப்பிள்ளை பார்ப்பது மட்டும்தான். அத்தைக்குப் பார்த்தபோது கேட்டதையே, அதே ஜமுக்காளத்தில் உட்கார்ந்து, அதே வெற்றிலைத் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டார். எந்த ஊர், யார் மகன், கூடப் பிறந்தவர்கள் எத்தனை. தட்டு யார் பக்கம் நகர்கிறதோ அவரே முடிவான ஆள். நான் உள்ளே ஓடிப்போய் அக்காவிடம், மூன்று பேரில் யார் உனக்கு என்று கேட்டேன். அவள் கிள்ளிய இடம் சாயங்காலம் வரைக்கும் காந்தியது.

முதலில் கம்பத்துக்காரர். வந்ததும் மாட்டிடம் போய்க் குளம்பைத் தூக்கி லாடத்தைப் பார்த்தார். முட்டுகிற மயிலைக்காளை அவர் தோளில் தாடையைச் சாய்த்துக்கொண்டது. மலைப்பாதையில் எந்த வளைவில் சக்கரத்துக்குக் கட்டை போடவேண்டும் என்று கையாலேயே பாதையை வரைந்து காட்டினார். அய்யா அதையெல்லாம் பாதி காதில்தான் வாங்கினார்.

“வீட்டுல யாரு யாரு இருக்காக?”

பெண்டாட்டி, மூன்று பெண் பிள்ளைகள், அதில் ஒன்று கைக்குழந்தை என்று அவர் பூரித்துச் சொன்னார். அய்யாவின் முகம் சுருங்கியது, தட்டு நகரவில்லை. பெண்டாட்டி இருக்கிறவர் மாப்பிள்ளை ஆக முடியாதுதான் என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

அடுத்து சின்னமனூர் இளந்தாரி. கல்யாணம் ஆகவில்லை, அம்மாவுக்கு ஒரே மகன். இவர்தான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். அய்யாவோ, “ஏலே, ஆத்தாவத் தனியா விட்டுட்டு மலைக்கா போவ?” என்று கேட்டு, கூழ் கொடுத்து அனுப்பிவிட்டார்.

மூன்றாமவர் மயிலாடும்பாறைப் பக்கம். மாட்டின் கிட்டேயே போகவில்லை. வண்டி ஓட்டத் தெரியுமா என்று கேட்க அய்யாவுக்கும் தோன்றவில்லை. அம்மா அப்பா? இல்லை. தாது வருசப் பஞ்சத்தில் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். சித்தப்பன், பெரியப்பன்? இல்லை. பெண் ஏதும் பேசி வைத்திருக்கிறதா?

“எனக்கு யாருங்கய்யா குடுப்பாக?” என்று அவர் சிரித்தார்.

ஒவ்வொரு இல்லைக்கும் அய்யாவின் விரல் தட்டைக் கொஞ்சம் தள்ளியது. கடைசியில் அது அவர் முழங்காலில் போய் முட்டியது. அவர் கும்பிட்டு வெற்றிலையை எடுத்துக்கொண்டார்.

நிலமில்லை, சொந்தமில்லை, மாட்டைத் தொடவும் பயம். இவரா? அம்மாவிடம் கேட்டேன், போய் விளையாடு என்றாள். மத்தியானம் அவருக்குப் பரிமாறும்போது அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை, குழம்பை மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தாள். அநாதை என்று இரக்கப்பட்டுத்தான் அய்யா எடுத்தார் போலும் என்று எண்ணி, தெருப் பிள்ளைகளிடம் பெருமையடித்துக்கொண்டேன். கீழத்தெருவில் பறந்த மண்ணை இதோடு சேர்த்துப் பார்க்க எனக்கு வயது போதவில்லை.

திங்கட்கிழமை விடிந்தது. அவர் இடத்து மாட்டை வலத்தில் பூட்டினார். அய்யா மாற்றிப் பூட்டினார். வண்டி அசைந்த பிறகும் வண்டிச் சட்டத்தைப் பிடித்த கையை அய்யா ஏன் எடுக்கவில்லை, அம்மா ஏன் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு உள்ளே போனாள் என்று எனக்கு விளங்கவில்லை. அய்யா செய்தது இரக்கமா, பயமா என்று இன்றைக்கும் பிரிக்கத் தெரியவில்லை. அய்யாவும் வண்டிக்காரரும் கடைசியாகப் பேசிக்கொண்டதைக் கேட்டு, எங்கள் வீட்டுக்கு ஓர் உறவு கூடிவிட்டதென்று நான் கைதட்டிக் குதித்தேன்.

“ஏலே, மேல ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாருக்குச் சொல்லிவிடணும்?”

“இதென்னங்கய்யா கேள்வி? அதான் நீங்க இருக்கீகளே. இங்கன வந்து சொல்லச் சொல்றேன்.”