வலமிருந்து மூன்று படங்கள்

விளக்குக்காரன் வரிசையில் இதுவரை மூன்று கேம்களும் நான்கு சினிமாப் படங்களும் வந்திருக்கின்றன. எல்லாவற்றையும் முடித்தவன் நான். என்னைக் கேட்டால் இரண்டாவது கேம்தான் முதலிடம். அதற்கு அடுத்தது முதல் கேம். மூன்றாவது கேமில் விளக்குக்காரனுக்கு வாய் கொடுத்துவிட்டார்கள். கதவைத் திறந்தால் பேசுகிறான், படி இறங்கினால் பேசுகிறான். இரண்டு கேம் முழுக்க வாய் திறக்காமல் இருந்தவனின் பயம் அவனுடைய மூச்சில்தான் கேட்கும். பேச ஆரம்பித்த பிறகு அந்த மூச்சு கேட்கவில்லை.

படங்களைப் பற்றி எனக்கு ஒரே ஒரு குறைதான். அவற்றில் விளக்கில் எண்ணெய் தீருவதில்லை. கேமில் எண்ணெய்தான் எல்லாம். வெளிச்சம் வேண்டுமென்றால் எண்ணெய் போகும். எண்ணெயை மிச்சம் பிடித்தால் இருட்டில் தடவித் தடவிப் போக வேண்டும். சண்டைக் காலத்தில் ஒரு குப்பி விளக்கை வைத்துக்கொண்டு ஏழு பேர் சாப்பிட்ட வீட்டில் வளர்ந்தவனுக்கு அந்த வலி தெரியும். நான்கு படத்துக்கும் பணம் போட்டவர்களுக்குத் தெரியவில்லை. இரண்டாவது படத்தில் மட்டும் கிழவி ஒருத்தி விளக்கின் சிம்னியைத் துடைத்துக் கொடுப்பாள். அந்த ஒரு காட்சிக்காக அந்தப் படத்தை மன்னித்துவிடலாம்.

இந்தக் கருத்துகளை நீங்கள் ஏற்கெனவே எங்கேயாவது கேட்டிருந்தால், என் மச்சானின் யூடியூப் சனலில் கேட்டிருப்பீர்கள். என் தாய்மாமனின் மகன், என்னைவிட ஒரு வயது இளையவன். கொழும்பில் நல்ல வேலையில் இருக்கிறான். வாரம் ஒரு தடவை கேம்களையும் படங்களையும் பற்றி எங்கள் ஊர்த் தமிழிலேயே பேசிப் போடுகிறான். மட்டக்களப்பிலிருந்து லண்டன் வரை ஆட்கள் பார்க்கிறார்கள். நான் பொத்துவில்லில் ஒரு வெள்ளைக்காரர் தங்கும் விடுதியில், அலையில் ஓடும் பலகைகளைக் கழுவி அடுக்குகிறேன். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்ச நேரம் ஓய்வு. அந்த நேரத்தில்தான் அவனுடைய வீடியோக்களைப் பார்ப்பேன். ஒன்றையும் விட்டதில்லை.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாள்தான் அவன் அந்த மூன்று படங்களைப் பற்றிச் சொன்னான்.

அதைச் சொல்ல, கேம் கடையிலிருந்து தொடங்க வேண்டும். கடை சாய்ந்தமருதில் கடற்கரைப் பக்கம் இருந்தது. இரண்டு டிவி, நான்கு ஜொய்ஸ்டிக், தரையில் பன்பாய். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் தொப்பியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேராக அங்கேதான் போவோம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நான் அப்போது சம்மாந்துறையில் ஒரு அரிசி ஆலையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். வெள்ளி மட்டும்தான் லீவு. மச்சான் ஏ.எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான்.

முதல் கேமின் சீடி கடைக்கு வந்தபோது அதில் எல்லாமே ஜப்பான் எழுத்து. உண்மையான பெயர் யாருக்கும் தெரியாது. விளக்கை வைத்துக்கொண்டு ஓடுகிறான் என்பதால் விளக்குக்காரன் என்று நாங்கள்தான் பெயர் வைத்தோம். இளம் பொடியன் ஒருவன் பாழ்கிணற்றுக்குள் இறங்கி, கீழே இருக்கும் ஊருக்குள் போகிறான். ஏன் போகிறான் என்பது தெரியவில்லை. கடைசிக் கட்டத்தில் கறுப்பு உடுப்புப் போட்ட ஆள் ஒருவன் வாசலை மறித்து நிற்பான். அவனை வெட்டினால் சாகமாட்டான். நாம்தான் சாவோம். கடைக்கு வந்த அத்தனை பேரும் அவனிடம் செத்தார்கள்.

கடைக்காரக் காக்கா (எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம்) சீடியோடு வந்த தாளைப் போட்டோக்கொப்பி எடுத்துச் சுவரில் ஒட்டியிருந்தார். அதில் மூன்று படங்கள் ஒரே வரிசையில் இருந்தன. இடப்பக்கப் படத்தில் பொடியன் விளக்கோடு தனியாக நிற்கிறான். நடுவில் பொடியனும் கறுப்புச் சட்டைக்காரனும் ஆளுக்கொரு கையால் அந்த விளக்கைப் பிடித்திருக்கிறார்கள். வலப்பக்கப் படத்தில் கறுப்புச் சட்டைக்காரன் விளக்கோடு தனியாக நிற்கிறான்.

மச்சான் பார்த்தவுடனே சொன்னான்: “இவன் கள்ளன். விளக்கப் பறிச்சித்தான்.”

கடையில் எல்லோரும் அப்படித்தான் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் இடப்பக்கத்திலிருந்துதான் பார்ப்பார்கள். எனக்கு மட்டும் கண் வலப்பக்கத்துக்குப் போனது. எனக்குப் பள்ளிக்கூடம் ஏறவில்லை, ஓதப்பள்ளி ஏறியது. ஓதித் தந்த லெப்பையின் பிரம்புக்குப் பயந்து குர்ஆனை முழுக்க ஓதி முடித்திருந்தேன். விளங்காத எழுத்து என்றால் வலப்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதுதான் எனக்குப் பழக்கம். அப்படிப் பார்த்தால் கறுப்புச் சட்டைக்காரனிடம் விளக்கு இருக்கிறது, அதைப் பொடியனுக்குக் கொடுக்கிறான், பொடியன் புறப்படுகிறான்.

“கள்ளன் இல்ல மச்சான், அவன்தான் குடுக்கான்,” என்றேன். “இவன்ட காக்காவா இரிக்கும்.”

“அரிசி ஆலைத் தூசு மூளைக்குள்ள போயித்து உனக்கு,” என்றான் மச்சான். கடையே சிரித்தது.

அடுத்த வெள்ளி என் முறை வந்தபோது கறுப்புச் சட்டைக்காரன் முன்னால் போய் நின்றேன். விளக்கைத் தந்தவனை எப்படி வெட்டுவது? ஜொய்ஸ்டிக்கைப் பாயில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். “அடிடா! அடிடா!” என்று பின்னாலிருந்து கத்தினார்கள். மச்சான் ஜொய்ஸ்டிக்கை எடுக்க வந்தான், நான் கையைத் தட்டிவிட்டேன். ஒரு பிளேன்டி குடிக்கும் நேரம் போயிருக்கும். கறுப்புச் சட்டைக்காரன் தலையைக் குனிந்தான். பிறகு ஒரு எட்டு விலகி வழிவிட்டான். கதவு திறந்தது. பெயர்கள் மேலே ஓடத் தொடங்கின.

கேமை முடித்த முதல் ஆள் நான். கடைக்காரக் காக்கா என் தலையில் கையை வைத்து, “ஓதின தலைடா இது,” என்றார். அதன் பிறகு நிறைய ஊர் போனேன், நிறைய வேலை பார்த்தேன். யாரும் என் தலையில் அப்படிக் கை வைத்ததில்லை.

அந்த வருடக் கடைசியில் கடல் வந்து கடையையும் சுவரையும் தாளையும் கொண்டுபோனது. கடைக்காரக் காக்காவும் போய்விட்டார். நான் கட்டாருக்குப் போனேன், திரும்பினேன், மீன் தோணியில் நின்றேன், மறுபடி சவூதியில் தம்மாமுக்குப் போனேன். இரண்டாவது கேமை அங்கே ஒரு மலையாளியின் பழைய மெஷினில் முடித்தேன். படங்களை ஆறு பேர் இருந்த அறையில் போனில் பார்த்தேன்.

இனி அந்த வீடியோவுக்கு வருகிறேன். மச்சான் நாற்காலியில் சாய்ந்திருந்தான். பின்னால் கண்ணாடி அலுமாரியில் பொம்மைகளும் பெட்டிகளும் அடுக்கியிருந்தன. முதல் கேமைப் பற்றிப் பேசிக்கொண்டே சொன்னான்: “எங்கட கேம் கடையில மூணு படம் ஒட்டியிருந்திச்சி. எல்லாரும் அவனக் கள்ளன் எண்டாங்க. நான் மட்டும் ஓதப்பள்ளியில ஓதுற மாதிரி வலப்பக்கத்தால பார்த்தன். ஜொய்ஸ்டிக்கக் கீழ வெச்சித்துச் சும்மா இருந்தன்...”

போனை நிறுத்திவிட்டேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஓடவிட்டு முழுக்கப் பார்த்தேன். கீழே ஆட்கள் எழுதியிருந்தார்கள்: மாஷா அல்லாஹ், என்ன மூளை காக்கா உங்களுக்கு. ஒரு பிள்ளை இதைப் பார்த்துவிட்டு ஓதப்பள்ளிக்குத் திரும்பப் போகிறதாம். அந்தப் பிள்ளையின் மேலும் எனக்குக் கோபம் வந்தது.

அவனுடைய வேலை, வீடு, அலுமாரி எல்லாவற்றின் மேலும் எனக்கு எப்போதும் பொறாமை உண்டு. அது உப்புக்காற்று மாதிரி. உடம்பிலேயே இருக்கும், அதோடு வேலை செய்யலாம். இது வேறு. அவனிடம் எல்லாம் இருக்க, என்னிடம் இருந்த ஒன்றையும் எடுத்துக்கொண்டான். கீழே எழுத ஆரம்பித்தேன்: அது நான். என்ன எழுதினாலும் பிச்சை கேட்கிற மாதிரி இருந்தது. அழித்துவிட்டேன். அன்று பின்னேரம் ஒரு பலகையைத் தவறவிட்டு அதன் முனையை உடைத்தேன். முதலாளி ஏசினார்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அவன் ஊருக்கு வந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டதும் காலை பஸ்ஸில் ஏறினேன். சாய்ந்தமருதில் இறங்கும்போது வெயில் ஏறிவிட்டது. மாமி வாசலில் நின்றா.

“வாங்க மனே, இப்பதான் வழி தெரிஞ்சதா? வெள்ளக்காரி ஒருத்தியக் கலியாணம் முடிச்சித்தீங்க எண்டு நினைச்சன்.”

“இல்ல மாமி. அவங்கட பலகையத்தான் கழுவுறன்.”

“அதுவும் ஹலால்தானே. இரிங்க, தேத்தண்ணி ஊத்தித்து வாறன்.”

மச்சான் உள்ளேயிருந்து ஓடி வந்து கட்டிப்பிடித்தான். “என்னடா, கருவாடு மாதிரி காய்ஞ்சி போய் வந்திரிக்காய்!” அவன்மேல் அத்தர் மணந்தது. நான் கட்டிப்பிடிக்கவில்லை.

“உன்ட வீடியோ பார்த்தன்,” என்றேன்.

“எது?”

“மூணு படம்.”

“அது நல்லா ஓடிச்சி மச்சான்!”

“வலப்பக்கத்தால பார்த்தது ஆரு?”

சிரித்தான். “ஆரு? நான்தான்.”

“வல்லாஹி எண்டு சொல்லு.”

அவன் சிரிப்பு நின்றது. எங்கள் பக்கம் அல்லாஹ்வின் பெயரால் சத்தியம் செய்வதை விளையாட்டாக எடுக்கமாட்டார்கள். “ஒரு கேமுக்கு வல்லாஹி எல்லாம் எதுக்கு மச்சான்?”

“சொல்ல ஏலா, என்ன?”

அவன் எழுந்து போய், வீடியோ எடுப்பதற்காகக் கொழும்பிலிருந்து கொண்டுவந்திருந்த ஒரு பெட்டியை எடுத்து வந்தான். முதல் கேமின் உண்மையான ஜப்பான் பெட்டி. உள்ளே அதே தாள், இப்போது கலரில். “பொய் சொல்லுறன் எண்டு நினைக்காத. இதப் பார், ஒண்டு, ரெண்டு, மூணு எண்டு நம்பர் போட்டிரிக்கி. ஒண்டு வலப்பக்கம். நான் பார்த்த மாதிரித்தான்.”

ஒவ்வொரு படத்தின் மேல் ஓரத்திலும் சின்னதாக எண் இருந்தது. கடைக்காரக் காக்கா எடுத்த கொப்பியில் மேல் ஓரம் வெட்டுப்பட்டிருந்ததால் நாங்கள் அதைப் பார்த்ததே இல்லை.

“கடையில ஒட்டியிருந்த தாள்ல நம்பர் இல்ல,” என்றேன். “இந்தப் பெட்டிய எப்ப வாங்கின?”

“கலியாணத்துக்கு முந்தின வருஷம்.”

“அதுக்கு முந்தி உனக்கு எப்படித் தெரியும்?”

அவன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். பொய் சொல்லி மாட்டிக்கொண்டவன் முகம் அப்படி இருக்காது. நடந்ததைத் தேடுகிறவன் முகம் அது. எண்களைப் பார்த்துப் பார்த்து, அந்த வெள்ளிக்கிழமையின் நினைவில் என் இடத்தில் தன்னையே பாயில் உட்கார வைத்துவிட்டான். அவன் கள்ளனாக இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

மாமி தேத்தண்ணியோடு வந்தா. “என்ன ரெண்டு பேரும் மய்யித்து எடுத்த வீடு மாதிரி இரிக்கீங்க?” தாளை எட்டிப் பார்த்தா. “இந்தக் கறுப்புச் சட்டக்காரனா? அல்லாஹ்வே! என்ட மகன் அந்த நாளையில நித்திரையிலயும் ‘கள்ளன், கள்ளன்’ எண்டு கத்துவானே. தண்ணி ஓதிக் குடுத்தெல்லே நிப்பாட்டின.”

மச்சானின் காது சிவந்தது. நான் தேத்தண்ணியைக் குடித்தேன். அவ்வளவு இனிப்பான தேத்தண்ணியை நான் குடித்ததில்லை.

“அப்ப நீதான் மச்சான்,” என்றான் கடைசியில். “வா, இப்பவே சொல்லுவம்.”

கேமராவைத் தாங்கியில் நிறுத்தி வைத்தான். இரண்டு கதிரை போட்டான். முதலில் அவன் பேசினான்: “நான் பிழையாச் சொல்லித்தன். கேம முடிச்சது நான் இல்ல, இந்தா இரிக்கான் என்ட மச்சான், இவன்தான். மாப்புக் கேட்கிறன்.” பிறகு என்னைப் பார்த்தான். “சொல்லு.”

இருபது வருடமாக மனசுக்குள் சொல்லிவந்த கதை. கேமராவின் சின்னச் சிவப்பு வெளிச்சத்தையே பார்த்தேன். “வலப்பக்கத்தால பார்த்தன். அடிக்கல்ல. வழி விட்டான்,” என்றேன். அவ்வளவுதான் வந்தது. மீதியை மச்சான் சொன்னான். பாயின் நெடி, பையில் மடித்த தொப்பி, பின்னாலிருந்து கத்தினவர்கள், தலையில் வைத்த கை. என் கதையை என் பக்கத்திலேயே உட்கார்ந்து, என்னால் முடிந்ததைவிட அழகாகச் சொன்னான். கடைக்காரக் காக்காவின் பெயரைச் சொல்லி அவருக்காக துஆவும் கேட்டான். அவருக்கு துஆக் கேட்க வேண்டும் என்பதே எனக்கு ஞாபகம் வரவில்லை.

பொத்துவில்லுக்குத் திரும்பி இரண்டாம் நாள் பகல், பலகைகளை வெயிலில் சாய்த்துவிட்டு அந்த வீடியோவைத் திறந்தேன். கீழே நிறைய எழுதியிருந்தார்கள். பிழையை ஒத்துக்கொள்ள ஒரு மனசு வேணும் காக்கா. உங்களை மாதிரி ஆக்கள் இந்தக் காலத்தில இல்ல. கண் கலங்கிட்டு காக்கா. எல்லாம் அவனுக்கு. எனக்கு வந்தது ஒன்று: உங்கட மச்சான் பாவம், நல்லா வெக்கப்படுறார்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. அவனுடைய வாயாலேயே, எல்லோருக்கும் முன்னால். அதைக் கொடுத்ததில் அவன் இன்னும் ஒரு முழம் உயர்ந்திருந்தான்.

கீழே போகப் போக ஒரு கேள்வி கிடந்தது. யாரோ ஒரு பெண்பிள்ளை எழுதியிருந்தாள்: மூணாவது கேமப் பத்தி அந்த மச்சான் என்ன சொல்றார்?

உட்கார்ந்து எழுதினேன். மூச்சைப் பற்றி, வாயைப் பற்றி, எண்ணெயைப் பற்றி, சிம்னி துடைக்கும் கிழவியைப் பற்றி. எழுத்துப் பிழை இருந்திருக்கும். இந்தத் தடவை அழிக்காமல் அனுப்பினேன்.

பலகைகளைத் திருப்பிப் போட்டுவிட்டு வந்து பார்த்தேன். நான் எழுதியதன் கீழே சின்னச் சிவப்பு இதயம் ஒன்று விழுந்திருந்தது. யார் போட்டது என்று அழுத்திப் பார்த்தேன். அந்த இதயத்தைச் சனல்காரர் மட்டும்தான் போட முடியுமாம்.