வெளியே போகிறவருக்கு முதல் வழி

குற்றாலம் மெயினருவியில் பெண்கள் பக்கம் போலீஸ் பணி போட்டால் நான் ஒரே ஒரு சட்டம்தான் வைத்துக்கொள்வேன். குளித்துவிட்டு வெளியே வருகிறவளுக்கு முதலில் வழி விடு, அப்புறம் நீ உள்ளே போ. சொன்னால் யார் கேட்கிறார்கள்? தலையில் வழிய வழிய எண்ணெயை வைத்துக்கொண்டு, அருவி நாளைக்கு இருக்காது என்பது போல முட்டுவார்கள். சீசன் முடிவதற்குள் எனக்குத் தொண்டை கட்டி ஆம்பளைக் குரல் வந்துவிடும்.

ஒருமுறை விடுப்பில் வந்திருந்த என் வீட்டுக்காரர், தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று நான் விசில் ஊதுவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பணி முடிந்து வந்ததும், "ஏட்டி, எங்க துறைமுகத்துலயும் இதே சட்டந்தான். வெளிய போறவனுக்குத்தான் மொத வழி. உள்ள வாரவன் வாசல்ல காத்துக் கெடக்கணும்" என்றார்.

அவர் கடையத்துக்காரர். குளத்தைத் தவிர வேறு தண்ணீரைப் பார்க்காத குடும்பம். அண்ணன் தம்பியெல்லாம் போலீஸுக்கும் ராணுவத்துக்கும் போக, இவர் மட்டும் நேவிக்குப் போனார். அங்கே பாய்ப்படகு ஓட்டப் பழகியவர், ஓய்வு பெற்ற பிறகும் அதை விடவில்லை. கொச்சியில் பணக்காரர்கள் வாங்கி நிறுத்தியிருக்கும் பாய்ப்படகுகளை ஓட்டிக் கொடுக்கும் வேலையில் சேர்ந்துகொண்டார். இதை எங்கள் சொந்தக்காரர்களுக்கு விளக்கிச் சொல்லி நான் ஓய்ந்துபோனேன். மீன் பிடிக்கிறாரா என்று கேட்பார்கள். இல்லை என்றால், பிறகு எதற்குப் படகு என்பார்கள்.

நான் ஒரே ஒரு முறை கொச்சிக்குப் போய் அவருடைய படகில் ஏறியிருக்கிறேன். துறைமுகத்துக்குள் அவர் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்து, கல்யாண வீட்டுக்குள் நுழைகிற சம்பந்தி தோற்றுப்போவார் என்று நினைத்தேன். வாசல் வருவதற்கு முன்பே பாயை இறக்கிவிட்டார். என்ஜினைப் போட்டு மெல்லப் போனார். வேகமாகப் போனால் நம் படகு கிளப்பும் அலையில் கரையோரம் கட்டிக் கிடக்கிற படகுகள் ஆடும், அதில் ஒருவன் டீ குடித்துக்கொண்டிருப்பான் என்றார். வலது ஓரமாகவே போனார். எதிரே ஒரு பெரிய கப்பல் வந்தபோது அதன் பாதையை விட்டு விலகி, அது கடந்து போகும் வரைக்கும் ஒதுங்கி நின்றார். ஒவ்வொரு படகுக்கும் கையைத் தூக்கினார். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். இந்த மனிதர் பந்திக்கும் பிந்துகிற ஆள்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. குத்துக்கல்வலசையில் ஆசையாகக் கட்டிய வீட்டில் நான் மட்டும்தான் குடியிருந்தேன். சாரல் அடிக்கத் தொடங்கினால் தென்காசியே சந்தோஷமாக இருக்கும். அந்தச் சாரலைக் கொண்டுவருகிற காற்றுதான் மலைக்கு அந்தப் பக்கம் கடலைப் புரட்டிக்கொண்டிருக்கிறது என்று எனக்கு மட்டும் நினைப்பு ஓடும். கடைசி இரண்டு மூன்று வருடங்களாக அவரிடம் ஒரே பாட்டுத்தான் பாடினேன். போதும், ஒரேயடியாக வந்துவிடுங்கள். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் என் அண்ணன் கமிஷன் கடை வைத்திருக்கிறான், நம்பிக்கையான ஆள் இல்லாமல் தவிக்கிறான். அவர் சிரித்து மழுப்புவார். கத்தரிக்காய் மூட்டைக்குப் பாய் கட்ட முடியுமா என்று கேட்பார்.

போன சீசனுக்குச் சாரல் வழக்கத்தைவிட முன்பே வந்துவிட்டது. மழைக்கு முன்னால் கரையேற்ற வேண்டிய ஒரு படகைக் கோழிக்கோட்டிலிருந்து கொச்சிக்குக் கொண்டுவரக் கிளம்பியவர், எனக்குப் போன் போட்டார். நான் மெயினருவியில் நின்றுகொண்டிருந்தேன். தண்ணீர்ச் சத்தத்தில் பாதிதான் கேட்டது. கூட்டத்தோடு மல்லுக்கட்டிய கடுப்பு வேறு. நேராகவே கேட்டேன்.

"இந்தத் தடவ ஒரேயடியா வாரீகளா, மாட்டீகளா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

அருவிச் சத்தத்துக்கு மறு காதைப் பொத்திக்கொண்டேன். பிறகு அவர், "சரிட்டி, வாரேன்" என்றார். போன் நின்றுவிட்டது.

எங்கள் பக்கம் வாரேன் என்றால் வருகிறேன் என்று பொருள். கிளம்புகிறேன் என்றும் அதுதான் பொருள். நல்ல வீட்டில் யாரும் போறேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்க மாட்டார்கள். அவர் சொன்னது என் கேள்விக்குப் பதிலா, போனை வைப்பதற்குச் சொன்ன சொல்லா என்று அப்போது நான் யோசிக்கவில்லை. வருகிறார் என்றே எடுத்துக்கொண்டேன். உடன் பணியில் இருந்தவளிடம் சொல்லிவிட்டேன். அன்றைக்கு எவளையும் அதட்டவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் அவருக்குப் பிடிக்குமே என்று ரம்புட்டான் பழம் வாங்கினேன்.

மறுநாள் கொச்சியிலிருந்து போன் வந்தது. பேசியவர் மலையாளத்தில் சொன்னது எனக்குப் புரியக் கூடாது என்று மனது அடம்பிடித்தது. புரிந்தது.

பதினாறு கழிந்த பிறகு, அந்தப் படகில் அவரோடு இருந்த கொல்லத்துக்காரர் வீட்டுக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டார். தண்ணீர் கொடுத்ததற்கு வேண்டாம் என்று தலையசைத்தார். என்ன நடந்தது என்று நான்தான் கேட்டேன். அவருடைய மலையாளமும் தமிழும் கலந்த பேச்சு எனக்குப் புரிந்தது.

துறைமுக வாசலுக்கு வெளியே வந்து சேரும்போது என்ஜின் கிளம்பவில்லை. பாயை வைத்தே உள்ளே போக வேண்டிய நிலைமை. காற்று ஏறிக்கொண்டே வந்தது. உள்ளேயிருந்து ஒரு பெரிய கப்பல் வெளியே வந்துகொண்டிருந்தது, அதன் பின்னால் தூரத்தில் இன்னொன்று.

"ரெண்டுக்கும் நடுவில எடம் உண்டாயிருந்து சேச்சி. உள்ள கேறலாம்னு நான் சொன்னேன். அண்ணாச்சி சம்மதிச்சில்லா. பொறுலே, போறவன் போகட்டும்னு சொன்னார்."

காத்து நின்றபோது காற்று திசை மாறிவிட்டது. பாயின் அடியில் குறுக்காகக் கட்டியிருக்கும் கட்டை ஒரே வீச்சில் சுழன்று வந்து என் வீட்டுக்காரர் தலையில் அடித்தது. அவர் தண்ணீரில் விழுந்தார். கொல்லத்துக்காரர் அவரை இழுத்து ஏற்றும்போது மூச்சு இல்லை.

எனக்கு வந்தது அழுகை அல்ல, கோபம். ஒழுங்கு பார்த்து உயிரை விட்ட மனிதர் மேல் கோபம். தினமும் ஆயிரம் பேர் முட்டி மோதி உள்ளே போகிறார்கள், யாரும் சாகவில்லை. ஒரே ஒரு தடவை முந்தினால் என்ன குறைந்துபோகும் என்று கத்திவிட்டேன். அந்தக் கொல்லத்துக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நான் அவரைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்திருப்பார்.

கொஞ்ச நேரம் கழித்து அவரிடம் போன் பேச்சைப் பற்றிச் சொன்னேன். நான் கேட்ட கேள்வியையும், வாரேன் என்று அவர் சொன்னதையும், அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாமல் கிடப்பதையும் சொன்னேன். கேட்டதும் அவர் முகம் மாறியது.

"சேச்சி, அண்ணாச்சி போகும்போ வாரேன்னு சொல்லவே மாட்டார். பண்டு ஒரு தடவ சொல்லி அபத்தம் ஆயிப்போச்சு."

பல வருடங்களுக்கு முன்னால் துறைமுகத்திலிருந்து கிளம்பும்போது, என் வீட்டுக்காரர் ஊர்ப் பழக்கத்தில் வயர்லெஸில் எதிர்ப் படகுக்காரரிடம் "சரி, வாரேன்" என்று சொல்லியிருக்கிறார். பயணிகளை ஏற்றிய அந்தப் படகை ஓட்டிய மலையாளி, இவர் தன் படகைத் தேடி வருகிறார் என்று நினைத்து வழியின் நடுவிலேயே நிறுத்திவிட்டார். இவரோ வெளியே போகிறார். இரண்டும் மூக்கோடு மூக்கு முட்டப் பார்த்திருக்கின்றன. படகு நிறைய ஜனம் இவரை வைதிருக்கிறது. அன்றிலிருந்து கிளம்பினால் போறேன், வந்தால் வாரேன், அதில் ஒரு நாளும் பிசகவில்லை என்று கொல்லத்துக்காரர் சொன்னார்.

"அப்போ வாரேன்னு சொன்னா, வருந்நு எந்நு தன்னே, வாரார்னுதான். வேற அர்த்தம் இல்ல சேச்சி."

அவர் சொன்னது உண்மைதான். அந்தச் சமயத்தில் என் வீட்டுக்காரர் என்னிடமும் போனில் சரி, போறேன் என்று சொல்லத் தொடங்கியிருந்தார். கடலில் இருக்கிற மனிதர் அப்படிச் சொன்னால் எந்தப் பெண்டாட்டி பொறுப்பாள்? கொச்சிக்காரர்களிடம் எப்படி வேண்டுமானாலும் பேசிக்கொள்ளுங்கள், என்னிடம் போனை வைக்கும்போது வாரேன் என்றுதான் சொல்ல வேண்டும் என்று சண்டை போட்டேன். சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். பிறகு ஒவ்வொரு தடவையும் வாரேன் என்றுதான் போனை வைத்தார்.

கொல்லத்துக்காரருக்கு இது தெரியாது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. எனக்கு ஆறுதல் சொல்ல வந்த ஆள் மாதிரி இல்லை, அவருக்கே அந்தப் பதில் தேவைப்பட்டது. கடைசிப் பயணம், இனி வீட்டோடு இருக்கப் போகிறோம் என்ற நிம்மதியோடாவது அந்த மனிதர் போய்ச் சேர்ந்தார் என்று அவர் நம்ப ஆசைப்பட்டார்.

"அண்ணாச்சி வேற எதும் சொன்னாரா சேச்சி?"

சாட்சிகள் சொல்வதைச் சொன்னபடியே எழுத வேண்டும், ஒரு சொல் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது என்பதுதான் எங்கள் பயிற்சி. இத்தனை வருடப் பணியில் நான் அதை மீறியதில்லை.

"சொன்னாக. வேலைய விட்டுட்டு ஒரேயடியா வாரேன்னு சொன்னாக" என்றேன்.

அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு எழுந்தார். துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்று அவருக்கும் தெரிந்திருந்தது. ஒன்றும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வரத்தான் கிளம்பினார் என்று உறுதியாக நம்புகிற ஒரு ஆளாவது இப்போது கொல்லத்தில் இருக்கிறார்.