இறங்கிய தோள்

மேனாம்பேட்டில் ஆடித் திருவிழா என்றால் அம்மனைத் தோளில்தான் தூக்குவார்கள். டிராக்டரில் வைத்து இழுக்கலாமே என்று யாராவது வாயைத் திறந்தால் தொலைந்தார்கள். தூக்குகிறவர்களைக் கோயில் சுவரோரம் நிறுத்தி, தோள் உயரம் பார்த்து ஜோடி சேர்ப்பது சின்னசாமி மாமாவின் வேலை. பல்லக்கின் முன்தண்டு உதயகுமாருக்கு. கல்யாணத்துக்கு முன்பே வந்த இடம் அது. வரலட்சுமி தன்னைக் கட்டிக்கொண்டதே அதைப் பார்த்து மயங்கித்தான் என்று இன்றைக்கும் பீற்றிக்கொள்வான். அவள் மறுத்ததும் இல்லை, ஒத்துக்கொண்டதும் இல்லை.

பிழைப்பு அம்பத்தூர் எஸ்டேட்டில், பேனல் போர்டு வயரிங். வயர் தோலை உரிக்கக் கட்டர் கொடுத்திருக்கிறார்கள். அதை எவன் தேடுவது? கடைவாயில் வைத்து ஒரு கடி, ஒரு இழு, வேலை முடிந்தது. கம்பெனியில் அவன் வேகத்துக்கு ஆளில்லை. அதில் ஒரு கர்வம் வேறு. கடிக்கிற பக்கத்துப் பல் மழுங்கிப்போனது. மறுபக்கம் சொத்தை என்று பிடுங்கிப்போட்ட இடம் பொக்கையாகவே கிடந்தது. ஒரே பக்கம் தலையைச் சாய்த்துக் கடித்துக் கடித்துக் கழுத்து பிடித்துக்கொண்டது, பிறகு முதுகு. தைலம், பெல்ட், வெந்நீர் ஒத்தடம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. பல்லை மட்டும் யாரும் நினைக்கவில்லை.

போன ஆடியில் சின்னசாமி அவன் இரண்டு தோளிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"ஒரு பக்கம் எறங்கிக்கீது மாப்ளே. அம்மன் சாயும். இந்த வருசம் டில்லிபாபு நிக்கட்டும்."

அன்றைக்குக் கற்பூரத் தட்டோடு பின்னால் நடந்தவனுக்கு வயிறு எரிந்தது. தண்டு தோளில் வந்து உட்காரும் அந்தப் பாரத்துக்காக அவன் உடம்பே ஏங்கியது. பஸ்ஸில் போகும்போதுகூடத் தோளைத் தானே அமுக்கிப் பார்த்துக்கொள்வான்.

கடைவாய் வலி பொறுக்காமல்தான் குமணன்சாவடியில் பல் டாக்டர் கோமளாவிடம் போனான். அவர் தாடையை அமுக்கினார், கழுத்தை அமுக்கினார், "முதுகும் வலிக்குமே?" என்றார். பல்லுக்கு வந்தவனிடம் முதுகைக் கேட்கிறாரே என்று விழித்தான்.

"பல்லாலதான் முதுகுவலின்னு அடிச்சுச் சொல்ல மாட்டேங்க. ஆனா தாடையும் கழுத்தும் இறுகிக் கிடக்கு. பல்லு கட்டிடலாம், தூங்கும்போது பல்லுல மாட்டிக்க ஒரு கிளிப் தரேன். முதுகுக்கு பிசியோதெரபிக்குப் போங்க. வயரைக் கடிக்கிறதை இன்னையோட விட்டுடணும்."

விட்டான். வேகம் போனது, கம்பெனியில் கிண்டல் வந்தது. கிளிப்போடு படுத்தவனைப் பார்த்து வரலட்சுமி, "எங்கப்பன் பாத்திருந்தா பொண்ணே குட்த்திருக்க மாட்டாரு" என்றாள். அதையும் தாங்கிக்கொண்டான்.

இந்த ஆடியில் அவனும் சுவரோரம் போய் நின்றான். சின்னசாமி முன்னும் பின்னும் நடந்து பார்த்தார்.

"தேவலை. தூக்கு. முடியலன்னா வீம்பு பண்ணாத, சொல்லிடு."

தண்டு வந்து உட்கார்ந்தது. ஐயோ, அந்தச் சுகம். பம்பைச் சத்தத்தில் முதல் தெரு போனதே தெரியவில்லை. அவன் தெருவில் திரும்பியபோது முதுகின் அடியில் சுருக்கென்றது. நிமிர்ந்தான். இன்னொரு சுருக்கு. தோள் தானாக இறங்குவது அவனுக்கே தெரிந்தது. வேறு யாருக்கும் இன்னும் தெரியவில்லை. தெருமுனை வரை சமாளித்துவிடலாம். ஆனால் அம்மன் சாய்வாள்.

"டில்லி, வா நைனா. புடி."

பக்கத்தில் நடந்துவந்த டில்லிபாபு தோளை நுழைத்தான். பல்லக்கு அசையாமல் நகர்ந்தது. நாலு வீடு தள்ளி ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்ற வரலட்சுமி கிட்டே வந்தாள்.

"ரொம்ப வலிக்குதாயா?"

"வலிக்குதுடி" என்றான், போகிற பல்லக்கைப் பார்த்தபடி. "நம்ம ஊட்டு வாசல் வரைக்குமாச்சும் தூக்கிக்கினு வந்திருக்கலாம்."