முதலாளி உம்றாவுக்குப் போகுமுன்

பாக்கியலெட்சுமியைத் திருடி என்று லுணுகலை டவுனில் யாராவது சொல்லியிருந்தால், சொன்னவன் வாயிலேயே நாலு பேர் போட்டிருப்பார்கள். அப்படிப்பட்ட பேர் அவளுக்கு. ஜௌபர் முதலாளியின் பலசரக்குக் கடையில் பருப்புப் புடைப்பது, மிளகாய் பொறுக்குவது, பொட்டலம் கட்டுவது எல்லாம் அவள் கைதான். காலையில் கடை திறக்கிற சாவிகூட அவளிடம்தான். தோட்டத்திலிருந்து சாமான் வாங்க இறங்கி வருகிற பெண்கள், "பாக்கியக்கா கட்டுனதா குடுங்க" என்று கேட்டு வாங்குவார்கள். தாராளமான கை. யாருடைய சாமானில் தாராளம் என்றுதான் கேட்கக்கூடாது.

மேலே உள்ள தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில் பிறந்தவள். வயசுக்கு வந்த கையோடு கூடையை முதுகில் மாட்டிக் கொழுந்து பறிக்கப் பெரட்டுக்குப் போனவள். மலையேற முழங்கால் மறுத்த பிறகுதான் டவுனுக்கு வேலைக்கு இறங்கினாள். புருஷன் இல்லை. இருக்கிறது ஒரே மகள், நிவேதிகா. பால்மாவுக்கு நாடே வரிசையில் நின்ற வருஷத்தில் அந்த மகள் கைக்குழந்தையோடு தாய் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

கடையில் அப்போது பால்மா உள்ளறையில் இருக்கும். பழகிய ஆட்களுக்கு மட்டும்தான் கிடைக்கும். கேட்டிருந்தால் முதலாளி தந்திருப்பார். பாக்கியலெட்சுமி கேட்கவில்லை. கேட்பதற்கு வாய் வரவில்லை, எடுப்பதற்குக் கை வந்தது. இடுப்புச் சேலைக்குள் ஒரு பக்கற்றைச் செருகிக்கொண்டு போனாள். சம்பளத்தன்று சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். சம்பளமும் வந்தது, முதலாளியும் எதிரே நின்றார், சொல்லத்தான் இல்லை. அடுத்த வாரம் இன்னொரு பக்கற் போனது.

இதுவரைக்கும் அவள் பக்கம் நின்று பேச நானும் தயார். பசித்த பிள்ளைக்குப் பால் எடுத்தவளை எந்தச் சாமி கேட்கும்? ஆனால் பஞ்சம் தீர்ந்தது. பிள்ளை சோறு தின்னத் தொடங்கியது. நிவேதிகாவுக்குப் பதுளையில் தையல் வேலை கிடைத்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கை மட்டும் நிற்கவில்லை. ஒருநாள் சோப்பு, ஒருநாள் ஒரு பிடி கராம்பு, ஒருநாள் ஊதுபத்தி. எடுத்ததை அவள் பாவிக்கவும் இல்லை. எல்லாம் கட்டிலுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின்னில் கிடந்தன. சில மாலைகளில் டின்னைத் திறந்து பார்ப்பாள். இதெல்லாம் எனக்கு எதுக்கு என்று அவளுக்கே பயமாக இருக்கும். மூடி உள்ளே தள்ளிவிடுவாள்.

கடையில் சாமான் குறைகிறது என்று ஜௌபர் முதலாளிக்கு ஒருநாள் தெரிந்தது. உள்ளறையில் வேலை செய்தவர்கள் இரண்டே பேர். பாக்கியத்தைச் சந்தேகப்பட அவருக்குத் தோன்றவே இல்லை. மற்றவள் றின்ஸா. அதே டவுனில் பள்ளிவாசலுக்குப் பின்னால் தனியாக இருந்த விதவை. துடுக்கான வாய், முதலாளியை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிட்டு அவரையே கேலி பண்ணுவாள். "நாளையிலருந்து வேலைக்கு வரத் தேவையில்ல தங்கச்சி" என்று மட்டும்தான் அவளிடம் சொன்னார். திருடி என்ற சொல்லை அவர் வாயால் சொல்லவில்லை. ஊர் சொன்னது. அதற்குப் பிறகு எந்தக் கடையிலும் றின்ஸாவுக்கு வேலை இல்லை. இடியாப்பம் அவித்துத் தேத்தண்ணிக் கடைகளுக்குக் கொடுத்து வயிற்றைக் கழுவினாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்!

றின்ஸா போன அன்றோடு பாக்கியலெட்சுமி எடுப்பதை நிறுத்தினாள். நெஞ்சு சுட்டது, நிறுத்திவிட்டாள். வினையே அங்கேதான் பிடித்தது. சாமான் குறையவில்லை என்றதும், "பார்த்தியா, அவ போனா, கடை சரியாப் போச்சு" என்று முதலாளி எல்லாரிடமும் நிம்மதியாகச் சொல்லத் தொடங்கினார். எடுத்தது பாவம், சரி. எடுக்காமல் இருப்பதும் எப்படிப் பாவமாகும்? அவள் ஒழுங்காக இருக்க இருக்க, றின்ஸாமேல் விழுந்த பழியல்லவா உறுதியாகிறது! றின்ஸா பேரைக் காப்பாற்ற மறுபடியும் கொஞ்சம் எடுத்தால் என்ன என்றுகூட ஒருநாள் யோசித்து, ஒரு சோப்பைத் தூக்கி மடியில் வைத்தாள். பிறகு, இது என்ன கூத்து என்று திரும்ப அடுக்கிலேயே வைத்தாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

இந்த நிலையில்தான் முதலாளிக்கு உம்றா போகிற வாய்ப்பு வந்தது. மக்காவுக்குப் போகிறவர்கள், புறப்படுமுன் தெரிந்தவர் வாசல் எல்லாம் ஏறி மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். அவரும் கடைத்தெரு முழுக்கக் கேட்டு முடித்தார். ஒரு வாசல் மிச்சம் இருந்தது.

"அவட வாசலுக்கும் போகாம நீங்க போற பயணம் என்ன பயணம்?" என்று மனைவி ஸித்தி ஸுபைதா கேட்டுவிட்டார்.

தனியாக இருக்கிற பெண்ணின் வீட்டுக்கு ஒற்றை ஆணாகப் போவது முறையில்லை. மனைவி பயணச் சாமான் கட்டுகிற மும்முரத்தில் இருந்ததால், றின்ஸாவோடு பழகினவள்தானே என்று பாக்கியத்தைத் துணைக்குக் கூப்பிட்டார். அவளுக்கு எப்படி மறுப்பது என்று தெரியவில்லை.

றின்ஸா முற்றத்தில் இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். இருவரையும் பார்த்து எழுந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"தங்கச்சி, நாளைக்கு உம்றாவுக்குப் போறேன்" என்றார் ஜௌபர். "தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும் செஞ்சிருந்தா மன்னிச்சிக்கோங்க."

"தெரியாமச் செஞ்சத மன்னிச்சிட்டேன் நானா. தெரிஞ்சு செஞ்சது என்னன்னு செல்லுங்க."

அவர் தரையைப் பார்த்தார். "வேலைக்கு வர வேணாம்னு சொன்னது."

"நான் எடுத்தேன்னு நினைச்சா, எங்கிட்ட ஏன் மன்னிப்புக் கேக்கிறீங்க? எடுக்கல்லன்னு நினைச்சா, ஊருக்கு முன்னால ஏன் அதச் செல்லல்ல?"

"எனக்கே வெளங்கல்ல தங்கச்சி. நீங்க போன பொறகு ஒரு சாமானும் குறையல்ல. அத வெச்சிட்டு நான் என்னத்த நினைக்க?"

றின்ஸா சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "குறையாம இருக்கிறதும் என்ட குத்தமா நானா?"

அந்த மனிதர் இந்த மன்னிப்பு இல்லாமல் நாளை விமானம் ஏறப்போகிறார், றின்ஸா இந்தப் பேரோடு இங்கேயே கிடக்கப்போகிறாள் என்பது மட்டும் பாக்கியலெட்சுமிக்குப் புரிந்தது. பேச வேண்டும் என்று அவள் முடிவு பண்ணவில்லை. வாய் தானாகத் திறந்தது.

"அது நான் எடுக்கிறத நிப்பாட்டுனதுனாலதான் கொறயல மொதலாளி."

இருவரும் திரும்பினார்கள்.

"பால்மா நான்தான் எடுத்தேன். சோப்பு, கராம்பு எல்லாம் நான்தான். றின்ஸா ஒன்னும் எடுக்கல."

ஜௌபர் ஓர் எட்டு அவள் பக்கம் வந்தார். "ஏன் பாக்கியம்? கேட்டிருந்தா தந்திருப்பேனே."

"தெரியல மொதலாளி."

அது உண்மை. ஆனால் கேட்டவர்களுக்குப் பொய் மாதிரித்தான் இருந்திருக்கும்.

றின்ஸா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முதலாளியைப் பார்த்தாள். "நானா, உங்கள நான் மன்னிச்சிட்டேன். நல்லபடியாப் போய்ட்டு வாங்க. எனக்கும் துஆ கேளுங்க." ஜௌபருக்குக் கண் கலங்கிவிட்டது. தப்பு என்னுடையது, ஊரிலும் அதைச் சொல்லிவிட்டே போகிறேன் என்றார்.

பாக்கியலெட்சுமி கையெடுத்துக் கும்பிட்டாள். "என்னயும் மன்னிச்சிருங்க மொதலாளி."

"சாமான் என்டது. அத மன்னிச்சிட்டேன்" என்றார் அவர். "பேரு இவடது. அத மன்னிக்க நான் யாரு?" சொல்லிவிட்டு ஒழுங்கையில் இறங்கி நடந்தார்.

பாக்கியலெட்சுமி றின்ஸா பக்கம் திரும்பினாள். றின்ஸாதான் முதலில் பேசினாள்.

"நான் கடையவிட்டு எறங்கின அன்னைக்கு, பஸ் நிக்கிற எடம் வரைக்கும் வந்து என்ட கையப் புடிச்சிட்டு அழுதீங்களே பாக்கியக்கா. அது மெய்யா?"

"மெய்தான் றின்ஸா. சத்தியமா மெய்தான்."

"பொய்யா அழுதிருந்தீங்கன்னா காறித் துப்பிட்டு மன்னிச்சிருப்பேன்" என்றாள் றின்ஸா. "மெய்யா அழுதுட்டு, வாயத் தொறக்காம திரும்பிப் போனீங்களே. அத நான் என்ன செய்யிற?"

கேட்டுவிட்டு, பதிலுக்காக உண்மையாகவே காத்து நின்றாள்.