பாடத்தில் இல்லாத பல்

பல் மருத்துவம் படிக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். நீட் தேர்வுக்கு வீட்டிலேயே தனியாகப் படித்தேன். தெரிந்த அக்கா கொடுத்த பழைய உயிரியல் புத்தகத்தில், பற்களைப் பற்றிச் சொல்லும் செரிமானப் பாடத்தை வரி விடாமல் மனப்பாடம் செய்திருந்தேன். நீட் பாடத்திட்டத்திலிருந்து அந்தப் பாடத்தையே நீக்கிவிட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. பல் டாக்டர் ஆவதற்கான தேர்வில் பற்களுக்கு இடமில்லை! புத்தகத்தை மூலையில் வீசினேன்.

அன்று மாலை, விசைப்படகில் வேலை பார்க்கும் அப்பா நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து வீங்கிய கன்னத்தோடு வந்தார். நடுக்கடலில் பல்வலி தாங்காமல், எஞ்சின் பக்கம் கிடந்த கட்டிங் பிளேயரால் தானே பிடுங்கியிருக்கிறார்.

"கரைக்குத் திரும்பச் சொல்லியிருக்கலாம்லப்பா?" என்று கத்தினேன்.

"ஒத்தப் பல்லுக்காக எல்லார் பொழப்பையும் கெடுக்கச் சொல்றியா?"

செல்போன் வெளிச்சத்தில் வாய்க்குள் பார்த்தேன். பல் உடைந்து, வேர் சீழுக்குள் புதைந்திருந்தது. அப்பா மேலிருந்த கோபம் அந்தப் பாடத்தை நீக்கியவர்கள் மேல் திரும்பியது. பல் அற்பமென்றால் இந்த வாயை வந்து பார்க்கட்டும்!

மறுநாள் மருத்துவமனையில் வேரை எடுத்தார்கள். வீடு திரும்பியதும் அம்மா மூலையில் கிடந்த புத்தகத்தைக் கையில் எடுத்தார்.

"இது வேணாம்னியே, பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுடவா?"

வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன்.

"பரீட்சைக்குத்தாம்மா வேணாம்."