காணவில்லை: மைக் ஆதிமூலத்தின் மனைவி

வேங்கிக்காலில் சைக்கிள் கடை வைத்திருந்த ஆதிமூலம் வருஷத்தில் பத்து நாள் மட்டும் ராஜா. தீபத் திருவிழாவில் கோயில் வாசல் பந்தலில் உட்கார்ந்து, கூட்டத்தில் தொலைந்தவர்களை மைக்கில் கூப்பிடுவது அவர் வேலை. அதை இங்கிலீஷிலும் கூப்பிடுவதில்தான் அவருக்குப் பெருமை. ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரருக்குப் பஞ்சர் ஒட்டி ஒட்டியே பாடம் கேட்டிருந்தார். குடை போனால் ‘லாஸ்ட்’, ஆள் போனால் ‘மிஸ்ஸிங்’, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டால் ‘ஆப்சென்ட்’, தேடிச் சலித்துவிட்டால் ‘நோவேர் டு பி ஃபவுண்ட்’. தொலைந்தது பக்கத்து ஊரான அடி அண்ணாமலைக் குழந்தையாக இருந்தாலும் இங்கிலீஷ் இல்லாமல் விடமாட்டார். மனுஷனுக்கு அவ்வளவு அலட்டல்.

எண்பத்து மூன்றாம் வருஷத் தீபத்தன்று அவர் மனைவி பொன்னியே காணாமல் போனாள். “வளையல் பாத்துட்டு வந்துடறேன்” என்று போனவள், மலையில் தீபம் ஏற்றி வெகுநேரமாகியும் வரவில்லை. ஆதிமூலம் மைக்கைப் பிடித்தார்.

“ஒன் லேடி மிஸ்ஸிங்! லேடி லாஸ்ட்! நோவேர் டு பி ஃபவுண்ட்!”

பதற்றத்தில் ‘ஆப்சென்ட்’டையும் சேர்த்துக்கொண்டார். இரண்டு வெள்ளைக்காரர்கள் வந்து தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார்கள். பொன்னிக்கோ இங்கிலீஷில் ஓர் எழுத்து தெரியாது.

பந்தலில் இருந்த ஏட்டு கண்ணாயிரம் தலையில் அடித்துக்கொண்டார். “யோவ், பேரைச் சொல்லிக் கூப்புடுய்யா!”

அங்கேதான் சிக்கல். கல்யாணமான நாளிலிருந்து அவர் பொண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அவர்கள் குடும்பத்தில் அது வழக்கமில்லை. வீட்டில் ‘இந்தா’, வெளியில் ‘வேதா அம்மா’. வேதா அவர்களுடைய மூத்த பெண்.

“வேதா அம்மா எங்கிருந்தாலும் உடனே பந்தலுக்கு வரவும்” என்றார். தங்கள் வேதாவுக்கு என்ன ஆச்சோ என்று வேறு மூன்று அம்மாக்கள் அலறியடித்துக்கொண்டு ஓடிவந்து, அவரை நன்றாகத் திட்டிவிட்டுப் போனார்கள்.

வேறு வழியில்லை. ஆதிமூலம் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

“பொன்னி!”

ஊரே கேட்டது. அவள் வரவில்லை. இத்தனை ஜனத்தில் எங்கே விழுந்து கிடக்கிறாளோ என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது. வெட்கமெல்லாம் பறந்துபோயிற்று.

“பொன்னி, எங்கம்மா இருக்கற? வந்துடு பொன்னி!”

கொஞ்ச நேரத்தில் கை நிறையப் புது வளையலோடு பொன்னி வந்து நின்றாள். ஆதிமூலத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது, கூடவே கோபமும் வந்தது.

“நான் கூப்புட்டது காதுல விழலயா உனக்கு?”

பொன்னி தலையைக் குனிந்துகொண்டாள்.

“மொத வாட்டியே விழுந்துச்சுங்க. இன்னொரு வாட்டி சொல்லுவீங்களானுதான் கடையாண்டயே நின்னுட்டேன்.”